பக்கத்து சீட்டில் வேன் ஆன்ட்டி

எங்கள் ஊரான டத்தோ கிராமாட்டில் முப்பது ஆண்டுகளாக யாரும் துணிந்து சொல்லாத வார்த்தை ஒன்று உண்டென்றால், அது பள்ளி வேன் ஓட்டிய வேன் ஆன்ட்டியிடம் "கொஞ்சம் இருங்க" என்பதுதான். வாசலில் இரண்டு முறை ஹாரன் அடிப்பார். மூன்றாவது ஹாரன் கிடையாது. நேரே வீட்டுக்குள் நுழைந்து, வாயில் பற்பசை நுரையோடு நிற்கிற பிள்ளையை அப்படியே தூக்கிக்கொண்டு போய்விடுவார். ஒருமுறை அவசரத்தில், அந்த வீட்டுக்கு விருந்தாளியாக வந்திருந்த பிள்ளையைத் தூக்கிப் போய்ப் பள்ளியில் இறக்கிவிட்டார். சாயங்காலம் அந்தப் பிள்ளை வீட்டுப்பாடத்தோடு திரும்பி வந்ததாகச் சொல்வார்கள்.

ஊருக்கு அவர் வேன் ஆன்ட்டி. எனக்கு அம்மா. இருந்தாலும் அந்த வேனில் எனக்குக் கடைசி சீட்டுதான். "சொந்தப் பிள்ளைய முன்னால உக்கார வெச்சா மத்த அம்மாமாருங்க கேப்பாங்க" என்பது அவருடைய நியாயம்.

பள்ளி ஓட்டத்தை நிறுத்திப் பல வருடங்கள் ஆகியும் வேனை அவர் விற்கவில்லை. மார்க்கெட்டுக்கும் கோயிலுக்கும் அதில்தான் போய்வந்தார். நான்கு மாதங்களுக்கு முன் வீட்டு கேட்டின் தூணில் இடித்துவிட்டார். கேட்டதற்கு, "தூண் கொஞ்சம் வெளிய தள்ளி நிக்குது" என்றார். நாற்பது வருடமாக அதே இடத்தில் நிற்கிற தூண் அது.

போன மாதம் அவருக்கு எழுபத்தைந்து வயது நிறைந்தது. கேக் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். "உன் காடியில ஏறி, வழியில ஒவ்வொரு ஊர்லயும் ஒண்ணு சாப்பிட்டுக்கிட்டே ஈப்போ வரைக்கும் போயிட்டு வரணும். அவ்வளவுதான்."

முந்தின நாள், கோலாலம்பூரில் இருக்கும் தம்பியும் சிங்கப்பூரில் இருக்கும் தங்கையும் போனில் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "அண்ணே, நாளைக்கு முழுக்க அம்மா உங்ககூடத்தான் இருப்பாங்க. இனிமே வேன் ஓட்ட வேணாம்னு நீங்களே சொல்லிடுங்க." பெற்றவர்களுக்குப் பக்கத்தில் குடியிருக்கும் பிள்ளைக்குத்தான் இந்த மாதிரி வேலைகளெல்லாம் வந்து சேரும்.

காலை ஏழு மணிக்கு அம்மா புதுப்புடவையில் தயாராக நின்றார். கையில் ஒரு கூடை, அதற்குள் ஐந்து காலி எவர்சில்வர் டப்பாக்கள். என் காரில் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்ததும் முதல் வேலையாக நடுக்கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அம்மா, அது எனக்கு வேணும்."

"பின்னால எவன் வர்றான்னு நான் பாத்து சொல்றேன். நீ முன்னால பாரு."

தீவிலிருந்து அக்கரைக்குப் போகும் பாலத்தில் ஏறியதும் அம்மாவின் வலது கால் வேலை செய்யத் தொடங்கியது. ஒவ்வொரு லாரிக்கும் மிதியடியை ஓங்கி மிதித்தார். அந்தப் பக்கம் மட்டும் நிஜமாக ஒரு பிரேக் இருந்திருந்தால் நாங்கள் இன்றைக்கும் பாலத்தின் மேல்தான் இருந்திருப்போம்.

புக்கிட் மெர்தாஜாமில் ஒரு மாமாக் முஸ்லிம் கடையில், பரோட்டா போல வீசிச் சுடுகிற ரொட்டி சானாய். மாவு வீசுகிறவரின் பக்கத்தில் போய் நின்று, "ஓரம் மொறுமொறுன்னு, நடுவுல பஞ்சு மாதிரி வரணும் தம்பி" என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தபோது, உள்ளே ஒரு மேசையிலிருந்து பெரிய மீசைக்காரர் ஒருவர் எழுந்து நின்றார். கழுத்தில் அலுவலக அட்டை. சுற்றிலும் அவரிடம் வேலை செய்கிற நாலைந்து பேர்.

"வேன் ஆன்ட்டிதானே?"

அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நீ மூணாவது சந்து கடைசி வீடு. ஷூ லேஸ் கட்டத் தெரியாதவன்."

மீசைக்காரர் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. குனிந்து அவருடைய காலைப் பார்த்தார். கயிறே இல்லாத சப்பாத்து.

"இன்னும் கத்துக்கலையா?"

மேசையில் இருந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் தேநீர்க் கோப்பைகளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள். மீசைக்காரர் மட்டும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை.

அடுத்தது கோலா செபெத்தாங். ஆற்றோரக் கடையில் இறால் போட்ட மீ நூடுல்ஸ். விரல் நீள இறால்கள், இனிப்பும் உறைப்புமாக ஒரு குழம்பு. இரண்டு வாய் சாப்பிட்டதும் அம்மா எழுந்து, "இதுல என்னமோ போட்டிருக்காங்க" என்று அடுப்படிக்குள் போய்விட்டார். அங்கே சமைத்துக்கொண்டிருந்த மலாய்க்கார அம்மாவோடு மலாயில் ஒரே பேச்சு. அரை மணி நேரம் ஆனது. வெளியே வந்தபோது இடுப்பில் யாருடைய ஏப்ரனோ இருந்தது, கையில் தட்டு இருந்தது. அதைக் கொண்டுபோய் மூன்றாவது மேசையில் வைத்தார். அந்த மேசைக்காரர் இன்னொரு ஐஸ் தேநீர் கேட்டார். அம்மா அதையும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத்தான் என்னிடம் வந்தார்.

"என்னம்மா போட்டிருக்காங்க?"

"சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணிக் குடுத்துட்டேன்."

தைப்பிங்கில் செண்டோல் கடைக்கு வந்து சேர்ந்தபோது வெயில் உச்சியில் இருந்தது. பச்சை மாவுத் துண்டுகள், தேங்காய்ப்பால், பனைவெல்லப் பாகு, மேலே மலையாக ஐஸ். சொல்வதற்கு இதைவிடக் குளிர்ச்சியான இடம் கிடைக்காது என்று தொண்டையைச் செருமினேன். வழியெல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்த பேச்சு. முதல் வரியிலேயே நாக்கு தடுக்கியது.

"அம்மா, நாங்க மூணு பேரும் பேசினோம். இனிமே நீங்க வேன்..."

"ஓட்ட வேணாம். அதானே?"

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். அம்மா வைக்கவில்லை.

"நான் வேன எடுத்தே மூணு மாசம் ஆச்சு."

"காலையில நான் போன் பண்றப்ப எல்லாம் எஞ்சின் சத்தம் கேக்குதேம்மா."

"பத்து நிமிசம் ஸ்டார்ட் பண்ணி உள்ள உக்காந்திருப்பேன். இல்லாட்டி பேட்டரி செத்துடும்லா."

"அப்ப மார்க்கெட்டுக்கு?"

"பஸ்ஸுல. அந்த டிரைவருக்கு பிரேக்கே போடத் தெரியல." ஐஸை இரண்டு முறை கிளறினார். "அந்தத் தூண் என் கண்ணுல படவே இல்லடா. இடது கண்ணு புகை மாதிரி தெரியுது. பெரியாஸ்பத்திரியில காட்டிட்டேன். அடுத்த மாசம் ஆபரேசன்."

முப்பது வருடம் யார் வீட்டுப் பிள்ளைக்கும் ஒரு கீறல்கூட விழாமல் கொண்டுபோய்ச் சேர்த்தவர், நின்றுகொண்டிருக்கும் வண்டிக்குள் தினமும் பத்து நிமிடம் தனியாக உட்கார்ந்திருந்திருக்கிறார்.

"ஏம்மா எங்ககிட்ட சொல்லல?"

"சொன்னா மூணு பேரும் வந்து சாவியக் கேப்பீங்க. நீங்க கேட்டு நான் குடுக்கறதவிட, சாவி என்கிட்டயே இருந்து நான் ஓட்டாம இருக்கறது நல்லாருக்கு."

"ஆபரேசனுக்கு நான் கூட்டிட்டுப் போறேன்" என்று மட்டும் சொன்னேன்.

"போலாம். நீ ஓட்டற வேகத்துக்கு இன்னிக்கே கெளம்பணும்." கிண்ணத்தை என் பக்கம் தள்ளினார். "இன்னொண்ணு சொல்லு. இந்தத் தடவ பாகு கூட ஊத்தச் சொல்லு."

அவர் கை கழுவப் போயிருந்த நேரத்தில் தம்பி போன் செய்தான். "சொல்லிட்டீங்களாண்ணே?"

"சொல்லிட்டேன்."

"என்ன பண்ணாங்க? அழுதாங்களா?"

"ரெண்டு செண்டோல் சாப்பிட்டாங்க."

ஈப்போவில் புந்தோங் பகுதிக்குப் போய், முறுக்கும் கடலையும் பருப்பு வகைகளுமாகக் கச்சான் என்னும் நொறுக்குத்தீனி விற்கிற கடைக்குள் நுழைந்தோம். அம்மா பன்னிரண்டு வகையை ருசி பார்த்தார். பதின்மூன்றாவதில் உப்பு குறைவென்றார். கடைக்கார அக்கா ஒன்றை எடுத்து மென்று பார்த்துவிட்டு, "ஆமா ஆன்ட்டி, கொறச்சல்தான்" என்று அந்தத் தகர டின்னையே உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஐந்து டப்பாவும் நிறைந்தது. போதாமல், என் காரில் இருந்த குடை உறையிலும் பட்டாணி நிரப்பப்பட்டது.

திரும்பும் வழியில் நெடுஞ்சாலையில் நல்ல மழை. வைப்பர் வேகம் போதாது, அந்த லாரியை முந்தாதே, லைட்டைப் போடு என்று வந்துகொண்டிருந்த உத்தரவுகள் தைப்பிங் தாண்டியதும் நின்றுபோயின. திரும்பிப் பார்த்தேன். அம்மா தூங்கிக்கொண்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. கால்கள் இரண்டும் சும்மா கிடந்தன. இன்னொருவர் ஓட்டுகிற வண்டியில் அவர் தூங்கி நான் பார்த்ததே இல்லை.

ரேடியோவை அணைத்தேன். பாலத்தில், அவர் ஓட்டச் சொல்லும் வேகத்தைவிடவும் மெதுவாக வந்தேன். டத்தோ கிராமாட்டுக்குள் நுழைந்தபோது மழை விட்டு, சாயங்கால வெளிச்சம் கொஞ்சம் மிச்சமிருந்தது. நிறுத்தினால் எழுந்துவிடுவார் என்று வீட்டைத் தாண்டிப் போய், தெருவைச் சுற்றி வந்தேன். மறுபடியும் வீட்டைத் தாண்டினேன். நான்காவது சுற்றில், கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"என்னடா, வீடு தெரியலையா?"

"தெரியலம்மா."

"சரி, அப்படியே தேடிக்கிட்டிரு" என்று தலையை என் தோள் பக்கம் சாய்த்துக்கொண்டார்.