எழுத மறுத்த பென்சில்

சனிக்கிழமை காலையில் பருத்தித்துறைக்கு வரும் பஸ்களில் நிற்கவும் இடமில்லை. சனம் வருவது மீன் வாங்க அல்ல. நோயாளி பார்க்கவும் அல்ல. பஸ் நிலையத்துக்குப் பக்கத்து மேல்மாடியில், முன்பு கலியாண வீடியோ எடுப்பவர் இருந்த மண்டபத்தில், ஒரு பென்சில் இருக்கிறது. அது சரியான விடையை மட்டும் எழுதும். பிழையான விடையை எழுத மறுத்துவிடும். அதைக் கண்ணால் பார்க்கத்தான் பண்டத்தரிப்பிலிருந்தும் சாவகச்சேரியிலிருந்தும் தாய்மார் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வருகிறார்கள்.

படிக்கட்டு முழுவதும் செருப்பு. வாசலில் பெரிய பதாகை: ‘செங்கதிர் ஜப்பானிய மொழி அருள்நிலையம்’. அதில் பனிமூடிய ஜப்பான் மலை ஒன்று. மலையுச்சியில் வேல். முருகன் எப்போது அந்தப் பக்கம் போனார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

பென்சிலின் சொந்தக்காரர் சென்செய் சுவாமி கனகசபாபதி. சென்செய் என்றால் ஜப்பான் மொழியில் ஆசிரியர். மற்றவர்கள் மரியாதைக்கு அழைக்கும் சொல் அது. ஜப்பானில் யாரும் தனக்குத்தானே அதைச் சூட்டிக்கொள்வதில்லை. சுவாமி இரண்டு பட்டங்களையும் தானே சூட்டிக்கொண்டவர். சில வருடங்களுக்கு முன் கனடா விசாவுக்குத் தாயத்துக் கட்டினார். கனடா கதவைக் கொஞ்சம் சாத்தியதும் அவருடைய அருள் கிழக்கே திரும்பிவிட்டது. அருளுக்கும் சந்தை நிலவரம் தெரியும்.

ஜப்பானுக்குப் போக விரும்புவோர் எழுதும் மொழித் திறமைச் சோதனை எப்படியானது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் மோசடி எந்த ஓட்டையால் நுழைந்தது என்று விளங்கும். அந்தச் சோதனைக்கு ஐந்து படிகள். அடிப்படி என்-5, உச்சிப்படி என்-1. கட்டுரை எழுத வேண்டியதில்லை. வாய்ப்பேச்சும் இல்லை. ஒவ்வொரு கேள்விக்கும் சில விடைகள் தருவார்கள். சரியான விடைக்குரிய வட்டத்தைப் பென்சிலால் கறுப்பாக்க வேண்டும். அந்தச் சின்ன வட்டத்துக்குள்தான் சுவாமி புகுந்தார்.

கூட்டத்தின் முன்வரிசையில் வல்வெட்டித்துறை உதயகலா. பக்கத்தில் மகள் நிவேதனா. நிவேதனா யாழ்ப்பாணத்தில் றொசாந்தி என்ற ஆசிரியையிடம் ஏழெட்டு மாதமாக ஜப்பான் மொழி படிக்கிறாள். வருகிற டிசம்பரில் கொழும்பில் சோதனை. தேறினால் ஜப்பானில் முதியோரைப் பராமரிக்கும் வேலைக்கு விண்ணப்பிக்கலாம்.

உதயகலாவுக்கோ றொசாந்தி மீது பெரிய மனக்குறை.

“அந்த ரீச்சரிட்டைப் போனால் படிக்கவெல்லோ சொல்லுறா! ஒவ்வொரு நாளும் சொல்லு பாடமாக்கு, திருப்பி எழுது. என்ரை பிள்ளை இளைச்சுப் போச்சு.”

“நல்ல ரீச்சர் எண்டால் பிள்ளை இளைக்குமே?” என்றார் பின்வரிசையில் இருந்த பண்டத்தரிப்பு அம்மா.

“அதைத்தான் நானும் கேக்கிறன்.”

சுவாமி பென்சிலை விற்பதில்லை. விற்றால் அது வியாபாரம். பிள்ளை பழைய வகுப்பை விட்டு அருள்நிலையத்தில் சேர்ந்தால், படிப்பின் முடிவில் பென்சில் பிரசாதமாகக் கிடைக்கும். சேர்வதற்கான காணிக்கையை முழுதாகக் கட்டவேண்டும். அதற்காக உதயகலா வீட்டில் தீர்மானித்த வழி, கணவரின் படகு எஞ்சினை விற்பது. வாங்குபவர் ஞாயிறு காலை வருவதாகப் பேச்சு.

“எஞ்சின் இல்லாமல் நான் கடலுக்கு எதைக் கொண்டு போறது? பென்சிலையோ?” என்று கேட்டார் நிவேதனாவின் அப்பா.

“பிள்ளை ஜப்பான் போனால் புது எஞ்சினே அனுப்புவாள்” என்றார் உதயகலா.

இதே உதயகலா சந்தையில் ஒரு விளைமீன் வாங்குவதென்றால், செவுளைத் திறந்து சிவப்பா வெளிறலா என்று பார்ப்பார். கண்ணை அழுத்திப் பார்ப்பார். மணந்து பார்ப்பார். பிறகும் “நேற்றையான் மீனோ?” என்று கேட்டு விற்பவரை அழவைப்பார். ஒரு நேரக் கறிக்கு இவ்வளவு விசாரணை. பிள்ளையின் படிப்புக்கு ஒரு கேள்விகூட இல்லை. பாடம் எடுப்பது யார்? போன வருடம் இங்கே படித்துத் தேறியவர்கள் எங்கே? மண்டபத்தில் இருந்த ஒருவரும் கேட்கவில்லை. எல்லோரும் கேட்டது ஒன்றே ஒன்று: “பென்சில் எப்ப தருவியள்?”

மணி அடித்தது. சுவாமி வந்தார். சிவப்புப் பட்டுத்துணியை விரித்துப் பென்சிலை எடுத்தார்.

“சந்தேகம் உள்ள பிள்ளை ஆராவது முன்னுக்கு வரலாம்.”

“போடி” என்று மகளைத் தள்ளிவிட்டார் உதயகலா.

சுவாமி ஒரு விடைத்தாளை மேசையில் வைத்தார். வினாத்தாள் வேறாக இருந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு வட்டங்கள்.

“ஒவ்வொரு வட்டமாத் தீட்டிப் பார், பிள்ளை. பிழையான விடையிலை பென்சில் பிடிக்காது. ஆனால் ஒரு கட்டளை. இந்தப் பென்சிலாலை வேறை தாளிலை எழுதக்கூடாது. எழுதினால் அருள் இறங்கிப்போம்.”

இந்தக் கட்டளையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் கேள்வி. நிவேதனா முதல் வட்டத்தைத் தீட்டினாள். பென்சில் வழுக்கியது, மங்கலாக ஒரு கீறல் தவிர ஒன்றுமில்லை. இரண்டாவதும் வழுக்கியது. மூன்றாவதில் கருகருவென்று பிடித்தது. நான்காவது மறுபடி வழுக்கியது.

“முருகா!” என்றது மண்டபம். யாரோ கற்பூரம் தேடினார்கள்.

நிவேதனா முகத்தைச் சுளித்தாள். வினாத்தாளில் மீனின் படம் இருந்தது. மீனுக்கு ஜப்பான் மொழியில் ‘சகனா’. மீன்பிடிக்காரர் வீட்டுப் பிள்ளை அந்த மொழியில் முதன்முதலாகப் பாடமாக்கிய சொல்லே அதுதான். சகனா இரண்டாம் விடை. பென்சில் எழுதியதோ மூன்றாம் விடையை. அதன் பொருள் இறைச்சி.

“சாமி, இது பிழை. ரெண்டாவதுதான் மீன்.”

சுவாமி கண்ணை மூடித் திறந்தார். “உனக்குப் பிழை. பென்சிலுக்குச் சரி.”

“மீனை இறைச்சியெண்டு சொல்லுற பென்சிலைக் கொண்டு நான் எப்பிடிச் சோதனை எழுதுறது?”

“வாயைப் பொத்தடி!” என்றார் உதயகலா. “பென்சில் ஏன் பொய் சொல்லுது? அதுக்கென்ன, உன்னை மாதிரிப் படிக்கப் பஞ்சியே, சோம்பலே?”

கூட்டம் தலையாட்டியது. ஏழெட்டு மாதம் படித்த பிள்ளை ஒரு பக்கம், பட்டில் சுற்றிய மரத்துண்டு மறு பக்கம். சனம் மரத்துண்டின் பக்கம்.

நிவேதனா அந்தக் கட்டளையை நினைத்துப் பார்த்தாள். பிறகு, பின்னால் நின்ற தன் வகுப்புத் தோழி தக்சாயினியைக் கூப்பிட்டாள்.

“உன்ரை பென்சிலைத் தாடி.”

“இதென்னத்துக்கு? இது வாசிகசாலைக்கு முன்னாலை உள்ள கடையிலை வாங்கினது. அருளும் இல்லை, நல்ல அழிறப்பரும் இல்லை.”

“பரவாயில்லைத் தா. சாமி, உங்கடை பென்சிலாலை வேறை தாளிலை எழுதக்கூடாது எண்டுதானே சொன்னியள்? நான் வேறை பென்சிலாலை உங்கடை தாளிலை எழுதுறன். கட்டளைக்கு ஒரு குறையும் இல்லை.”

சுவாமி வாயைத் திறப்பதற்குள் அவள் இரண்டாம் கேள்வியைத் தீட்டத் தொடங்கிவிட்டாள். கடைப் பென்சில் முதல் வட்டத்தில் வழுக்கியது. இரண்டாவதில் வழுக்கியது. மூன்றாவதில் வழுக்கியது. நான்காவதில் கருகருவென்று பிடித்தது.

மண்டபம் வாய் பிளந்தது.

“அட, கடைப் பென்சிலுக்கும் அருள் வந்திட்டுது!” என்றார் பண்டத்தரிப்பு அம்மா.

“அருள் பென்சிலிலை இல்லை, அம்மா. தாளிலை இருக்கு” என்றாள் நிவேதனா.

சொல்லிக்கொண்டே சுவாமியின் பென்சிலை எடுத்து அருள்நிலைய விளம்பரத் துண்டின் வெறும் பின்பக்கத்தில் வைத்தாள்.

“வேண்டாம் பிள்ளை! அருள் இறங்கிப்போம்!”

அவள் எழுதினாள்: ஒன்றும் ஒன்றும் மூன்று. பிழையை எழுத மறுக்கும் பென்சில் அதை அழகாக, அழுத்தமாக, ஒரு தயக்கமும் இல்லாமல் எழுதியது. அடுத்து: பருத்தித்துறை ஜப்பானின் தலைநகரம். அதையும் எழுதியது.

“பாத்தியளே, நான் சொன்னனான், அருள் இறங்கீட்டுது!” என்று கத்தினார் சுவாமி.

“இறங்கினதெண்டால் இப்ப உங்கடை தாளிலை எல்லா வட்டத்திலையும் பிடிக்கவேணுமே?” நிவேதனா அருள் இழந்த பென்சிலால் மூன்றாம் கேள்வியைத் தீட்டினாள். அது முன்போலவே மூன்று இடத்தில் வழுக்கி, ஓரிடத்தில் பிடித்தது.

என்ன நடந்தது என்று விளக்குகிறேன். மிக எளிமையான, மிக அழகான விஷயம். தாள் நம் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும் அது நார்களால் ஆனது, சொரசொரப்பானது. அந்தச் சொரசொரப்பு பென்சில் கரியை உராய்ந்து பிடித்துக்கொள்வதால்தான் எழுத்து விழுகிறது. அதன்மேல் மெழுகைத் தேய்த்தால் நார்களின் இடைவெளி அடைபட்டுவிடும். கரி ஒட்ட இடமில்லாமல் சறுக்கும். சுவாமி இரவல் வாங்கிய ஒரு விடைப்பட்டியலைப் பார்த்து, ஒவ்வொரு கேள்வியிலும் மூன்று வட்டங்களில் மெழுகுதிரி நுனியைத் தேய்த்திருக்கிறார். பட்டியலை ஒரு வரி தள்ளிப் பார்த்ததால் மீன் இறைச்சியானது. ஜப்பான் மொழி தெரிந்திருந்தால் கண்டுபிடித்திருப்பார். அது தெரிந்தவருக்கு மெழுகு எதற்கு?

கட்டளையின் காரணமும் இப்போது விளங்கும். வேறு தாளில் எழுதக்கூடாது என்பது அருளைக் காக்க அல்ல, மெழுகைக் காக்க.

மண்டபத்தில் இன்னும் பாதிப்பேர் சுவாமியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது உதயகலா எழுந்தார். மேசைக்குப் போனார். விடைத்தாளை வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தார். வட்டங்கள் மீன் செதில்போல மினுங்கின. நகத்தால் சுரண்டினார், வெள்ளையாகச் சுருண்டு வந்தது. மூக்கருகே கொண்டுபோனார்.

“மெழுகுதிரி” என்றார். “நேற்றையான் மெழுகுதிரி.”

தக்சாயினிதான் முதலில் சிரித்தாள். பிறகு மண்டபமே சிரித்தது. சுவாமி பட்டைச் சுருட்டிக்கொண்டு பின்படியால் இறங்கும்போது, பண்டத்தரிப்பு அம்மா மட்டும் சிரிக்காமல் எட்டிப்பிடித்துக் கேட்டார்:

“சாமி, அப்ப அந்த மெழுகுதிரி எங்கை வாங்கலாம்?”

ஞாயிறு காலை எஞ்சின் வாங்க வந்தவர் வல்வெட்டித்துறைக் கரையில் வெறும் மணலைத்தான் கண்டார். எஞ்சினும் படகும் நிவேதனாவின் அப்பாவும் கடலில் இருந்தார்கள். உதயகலா யாழ்ப்பாணத்தில் றொசாந்தியின் வகுப்பில், கடைசி வாங்குப் பலகையில், முழுப் பாடமும் முடியும்வரை இருந்தார். பிறகு எழுந்து, எங்கே படித்தீர்கள், போன முறை எத்தனை பேரை அனுப்பினீர்கள், தேறாதவர் ஏன் தேறவில்லை என்று ஆசிரியையைக் குடைந்து எடுத்தார். றொசாந்தி அழவில்லை, எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். நிவேதனா முன்வாங்கில் தலையைக் குனிந்துகொண்டு, கடைப் பென்சிலால் எழுதிக்கொண்டிருந்தாள்.

மேல்மாடி மண்டபம் இப்போது பூட்டிக் கிடக்கிறது. நீண்ட நாள் கிடக்காது. அந்தச் சோதனையில் கேட்டல் பகுதி என்று ஒன்றும் உண்டு. பிழையாகக் கேட்காத காதுப்பஞ்சுடன் யாராவது வருவார். படிக்கட்டில் மறுபடியும் செருப்புக் குவியும். வருகிறவர்களே, விளைமீனின் செவுளைத் திறந்து பார்க்கும் கையை வீட்டில் விட்டுவிட்டு வராதீர்கள். எதைத் திறக்கக்கூடாது என்று சாமி சொல்கிறாரோ, அதை முதலில் திறவுங்கள்.