சண்டமாருதன் சன்னலோர இருக்கை கவர்ந்த படலம்

செம்பாக்கம் ஏரிக்கரை ஈன்றெடுத்த செல்வமே, ஜெபசீலன் வாத்தியார் பெற்றும் ஒரு பாடமும் ஏறாத பிள்ளையே, கழுத்தில் கவரிங் சங்கிலி தரித்து உச்சிவெயிலிலும் கம்பளித் தொப்பி கழற்றாத கவிக்கோளரியே, ஷெர்வின் என்ற பெயரை உதறி எம்.சி. சண்டமாருதன் எனத் தனக்குத்தானே முடிசூட்டிக்கொண்ட மாவீரனே, வாழ்க! உன் புகழை நாங்கள் பாடாவிட்டால் நீயே பாடித் தொலைப்பாய் என்ற அச்சத்தால் பாடுகிறோம்.

ஊர் ஊராய்க் கச்சேரி செய்து அலையும் ராப் பாடகனின் பெருந்துயரை இவ்வீரன் ‘ரோட்டுல என் வூடு’ என்னும் ஆல்பமாக இயற்றினான். பாட்டுக்குப் பாட்டு நெடுஞ்சாலை அழுதது, விடுதி அறை விம்மியது, ரசிகர் கூட்டம் கதறியது. அவன் கண்ட திக்விஜயமோ மாடம்பாக்கத்தில் ஒரு கல்யாண வரவேற்பு, தாம்பரத்தில் ஒரு கிறிஸ்துமஸ் விழா; இரண்டு முறையும் குடும்ப ஜெபத்துக்கு வீடு திரும்பிவிட்டான்.

அத்தகையோன் அன்று மாலை, அரைமணி நேரத் தொலைவிலுள்ள பொத்தேரியில் கல்லூரி மாணவர்முன் ஆல்பத்தை வெளியிட, பாட்டெல்லாம் அடங்கிய லேப்டாப்பைப் பையில் சுமந்து, தோழன் டெனிஸோடு தாம்பரம் பேருந்து நிறுத்தத்தில் நின்றான். வேறு பிரதி எடுத்து வைப்பது கோழைகளின் செயல் என்பது அவன் கொள்கை. ஊர் சுற்றிக் களைத்த முகத்தோடு சன்னலோரம் அவன் சாய்ந்திருக்க, அதை டெனிஸ் கைப்பேசியில் பிடிப்பதே அட்டைப்படம். ஆகவே சன்னலோர இருக்கை கிடைத்தே தீரவேண்டும்.

வந்தது செங்கல்பட்டுப் பேருந்து! முழங்கையே வாளாக, டிபன் பையே கேடயமாக, அலுவலகம் விட்ட பெரும்படை வாசலில் மோதியது. நம் வீரன் மோதவில்லை. இடிபடுவது கலைஞனுக்கு இழுக்கு. பையைத் தலைக்குமேல் சுழற்றித் திறந்த சன்னல் வழியே எறிந்தான். அது போய் விழுந்த இருக்கையில் முந்தியே ஒரு கைக்குட்டை இடம்பிடித்துக் கிடந்தது. அதைப் போட்டவரான குமாஸ்தா பக்தவச்சலம், படை பிளந்து உள்ளே வந்து சேர்ந்தார்.

“தம்பி, கர்சீப் போட்டிருக்கேன்ல? பையை எடுப்பா.”

கீழே நின்றபடியே சண்டமாருதன் சன்னலை நோக்கி முழங்கினான்: “கர்சீப்லாம் கணக்குல வராது சார்! பை போட்டாதான் சீட்டு! நான் ஆர்ட்டிஸ்ட், டூர்ல கீறேன்!”

“எந்த ஊருக்கு?”

“பொத்தேரி.”

“ஏறு மச்சான், கதவ மூடுறாங்க!” என்று பக்கத்தில் நின்ற டெனிஸ் அலறினான். ஏறுவானா? வழக்கு முடியுமுன் களம் நீங்குவது வீரமரபன்று. இருக்கையின் தர்மம் குறித்தும், கலைஞனுக்கு இந்நாடு இழைத்த கொடுமை குறித்தும் அவன் விரித்துரைத்துக்கொண்டிருக்க, நடத்துநரின் விசில் சங்கென முழங்கியது, தானியங்கிக் கதவு கோட்டைக் கதவெனச் சாத்திக்கொண்டது, பேருந்து ஜி.எஸ்.டி. சாலையில் பாய்ந்தது. ஊர் ஊராய் அலைவதைப் பாடிய ஆல்பம், பாடியவனைத் தாம்பரத்தில் விட்டுவிட்டுத் தன் முதல் பயணம் புறப்பட்டது. கவரிங் சங்கிலி குலுங்க, “என் பாட்டு! என் பாட்டு!” எனப் பின்னால் ஓடிய காவிய நாயகனைக் கண்டு எங்களுக்கே ஒரு கணம் பாவமாக இருந்தது, மறுகணம் இல்லை.

பக்தவச்சலம் பையைக் காலடியில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.