ஹர்லிங் வாத்தியார்

நான் ஹொக்கி விளையாடியதே இல்லை. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அன்றைக்கே ஒப்புக்கொண்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியம் வந்திருக்காது. அட்டனில் நான் படித்த பள்ளிக்கூடத்து ஹொக்கி அணிக்குத் தண்ணீர் வாளி தூக்கியிருக்கிறேன், அவ்வளவுதான். (அதையும் ஒருதடவை பாதி வழியில் கொட்டிவிட்டேன்.)

ஐம்பதுகளின் நடுவில், என் இருபத்திரண்டாவது வயதில், அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியாராகப் போனேன். பள்ளிக்கூடம் என்றால் ஒரே மண்டபம். அதன் ஓரத்தில் ஒட்டினாற்போல் எனக்கு ஓர் அறை. தோட்டத்து உத்தியோகத்தர்கள் என்னை லயத்து வாத்தியார் என்று கிட்டச் சேர்க்கவில்லை. வரிசை வீடுகளான லயங்களில் இருந்த தொழிலாளர்களோ என்னைப் பெரிய ஆள் என்று நினைத்து எட்டவே நின்றார்கள். வழியில் கண்டால், "சலாங்க வாத்தியாரே" என்று ஒதுங்குவார்கள். நான் கடந்து போன பிறகுதான் விட்ட பேச்சைத் தொடருவார்கள். நண்பகலில் பள்ளிக்கூடம் விட்டால், மறுநாள் காலை வரை எனக்குப் பேச்சுத் துணை கிடையாது. சவரம் செய்யும்போது கண்ணாடியில் இருந்தவனிடம், "என்னப்பா, சாப்பிட்டியா?" என்று விசாரித்திருக்கிறேன். அவனும் இல்லை என்றுதான் சொன்னான். இப்போது சிரித்துக்கொண்டு எழுதுகிறேன். அப்போது சில நாள் அழுதிருக்கிறேன்.

அந்தத் தோட்டத்தை நிர்வகித்த பெரியதுரை அயர்லாந்துக்காரர். அவருடைய ஊரிலிருந்து ஒருநாள் ஒரு மரப்பெட்டி வந்தது. உள்ளே பன்னிரண்டு மட்டைகள், அகப்பை போல நுனி அகன்றவை. கூடவே தோல் தைத்த பந்துகள். அது அவர்கள் நாட்டு விளையாட்டாம், ஹர்லிங் என்று பேராம்.

"வாத்தியார், நீ ஹொக்கி தெரியும்?" என்று கேட்டார்.

"நல்லாத் தெரியுங்க தொர."

"இது அதே மாதிரிதான். பிள்ளைங்களுக்குப் பழக்கு. அடுத்த மாசம் மத்தத் தொரமார் வருவாங்க. நல்லாச் செஞ்சா, ஒனக்கு அட்டன் ஸ்கூலுக்குக் கடுதாசி தர்றேன்."

அட்டன்! ரயில் கூவும், தேநீர்க்கடையில் ஆட்கள் காரணமில்லாமல் சத்தம் போடுவார்கள், என்னை "டேய்" என்று கூப்பிட நாலு பேர் இருக்கிறார்கள். அந்தக் கடிதத்துக்காக நான் சிங்கத்துக்கே பந்து பிடிக்கப் பழக்கியிருப்பேன்.

ஹர்லிங்கில் தரையில் கிடக்கும் பந்தைக் கையால் எடுக்கக் கூடாது. மட்டை நுனியைப் பந்தின் மேல் வைத்து, தன் பக்கமாக உருட்டி, அடியில் கொடுத்துத் தூக்கி, அப்புறம்தான் கையில் பிடிக்க வேண்டும். அதன் பிறகு பந்தை மட்டையில் ஏந்திக்கொண்டு விழாமல் ஓட வேண்டும். துரை இதை ஒரே தடவை செய்து காட்டிவிட்டு பங்களாவுக்குப் போய்விட்டார். நான் செய்து காட்டியபோது பந்து என் முழங்காலில் பட்டு, சரிவில் உருண்டு, ஓடையில் போய் விழுந்தது. (தோட்டத்தில் சமதரை என்று ஒன்று கிடையாது. இருந்த கொஞ்சத்தில் தொழிற்சாலையைக் கட்டிவிட்டார்கள்.) முதல் வாரம் முழுக்க நாங்கள் பழகியது ஓடையில் பந்து தேடுவதைத்தான்.

பிள்ளைகள் மளமளவென்று கற்றுக்கொண்டார்கள். மாரியாயி என்கிற பத்து வயதுக்காரி இரண்டே நாளில் பந்தை ஏந்திக்கொண்டு மேட்டில் ஏறி ஓடினாள். எனக்கு மட்டும் கடைசிவரை வரவில்லை.

"சார், நீங்க பந்தப் பாக்காம எங்களயே பாத்துக்கிட்டு இருக்கீங்க. அதாங்க வர மாட்டேங்குது" என்றாள்.

சரியாகத்தான் சொன்னாள். மத்தியானத்திலும் பன்னிரண்டு பேர் என்னைச் சுற்றி நின்று பேசினால் பந்து யாருக்கு வேண்டும்?

என்னால் முடிந்தது கைதட்டுவதுதான். "வை, உருட்டு, தூக்கு, பிடி" என்று நாலு தட்டு. அந்தத் தாளத்துக்குப் பன்னிரண்டு பந்தும் ஒன்றாக எழும்பின. இதுவே போதும், துரைமார் மயங்கிவிடுவார்கள் என்று முடிவு செய்தேன்.

அந்த நாளும் வந்தது. காலை பத்து மணி, மலையில் கொழுந்தெடுப்பு மும்முரம். ஐந்து துரைமார் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். நேரம் பார்த்து மூடுபனியும் இறங்கியது. கடைசி வரிசைப் பிள்ளைகளுக்கு என் கைதட்டல் கேட்கவில்லை. பந்துகள் ஆளுக்கொரு நேரத்தில் எழும்பின. என் கடிதம் கண்ணெதிரே கரைந்தது. அப்போதுதான் எனக்கு அந்த அபார யோசனை உதித்தது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்துக்கு ஓடினேன். வேலைக்கு ஆள் கூப்பிட அடிக்கும் தப்பு மேளம் அங்கே மாட்டியிருந்தது. எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்தேன்.

மாரியாயி மிரண்டுவிட்டாள். "வேணாங்க சார். இந்நேரத்துல அத அடிக்கக் கூடாதுங்க."

"எல்லாம் எனக்குத் தெரியும். நீ பந்தப் பாரு."

எனக்கு ஒன்றும் தெரியாது. திருவிழா இல்லாத நாளில், பொழுது ஏறிய பிறகு தோட்டத்தில் தப்புச் சத்தம் கேட்டால் அது சாவு. மலையில் இருப்பவர்கள் வேலையைப் போட்டுவிட்டு இறங்கி வருவார்கள். அட்டன் பஜாரில் வளர்ந்த அறிவாளிக்கு இதையெல்லாம் யார் சொல்லியிருப்பார்கள்?

அடித்தேன். பன்னிரண்டு பந்தும் ஒன்றாக எழும்பின. துரைமார் கைதட்டினார்கள். நான் இன்னும் பலமாக அடித்தேன். மனசு அட்டன் ரயிலில் ஜன்னலோரம் இடம் பிடித்துவிட்டது.

இதே நேரத்தில் நடந்ததைப் பிற்பாடு கேட்டுத் தெரிந்துகொண்டேன். மலை முழுக்க இறங்கிவிட்டது. பனியில் சத்தம் எங்கேயிருந்து வருகிறது என்று பிடிபடாமல், லயம் லயமாக ஓடிக் கிழடுகட்டைகளையும் நோயாளிகளையும் பார்த்திருக்கிறார்கள். எல்லாரும் உயிரோடு இருந்தார்கள். மிச்சம் இருந்த ஒரே கதவு என்னுடையது. அது மழைக்கு உப்பிய கதவு; சாத்தினால் என்னைத் தவிர யாராலும் திறக்க முடியாது. ஜன்னலால் எட்டிப் பார்த்தவருக்கு, கட்டிலில் தலையணைமேல் நீளமாகக் கிடந்த போர்வை தெரிந்திருக்கிறது. (எனக்குப் போர்வை மடிக்கும் பழக்கம் கிடையாது.)

அழுகைச் சத்தம் என் காதில் விழுந்தது. ஐயோ, யாருக்கு என்னவோ என்று தப்போடு அப்படியே ஓடினேன். என் அறை வாசலில் பெரிய கூட்டம். பெண்கள் கட்டிப்பிடித்து அழுகிறார்கள், ஆண்கள் கதவை உடைக்கக் கடப்பாரை தேடுகிறார்கள். கூட்டத்தின் கடைசியில் பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண், இடுப்புக்கு ஒன்றாக இரண்டு குழந்தைகளோடு தேம்பிக்கொண்டு நின்றாள்.

"யாருங்க செத்தது?" என்றேன்.

திரும்பிப் பார்க்காமலே, "வாத்தியாருங்க" என்றாள்.

"எந்த வாத்தியார்?"

"இந்தப் பள்ளிக்கூடத்து வாத்தியாருதாங்க. பாவம், ஒத்தையில கெடந்து செத்துருக்காரு. பேரச் சொல்லி அழலாம்னா பேரு கூட ஒருத்தருக்கும் தெரியலங்க."

ஏழு மாதமாக அங்கே இருந்திருக்கிறேன்.

"தங்கவேலு" என்றேன்.

"பேரு தங்கவேலாம்!" என்று அவள் முன்பக்கம் பார்த்துக் கத்தினாள். உடனே, "ஐயோ தங்கவேலு!" என்று ஒப்பாரி கிளம்பியது. என் பெயரை அவ்வளவு பேர் ஒன்றாகச் சொல்லி அதற்கு முன் நான் கேட்டதில்லை. இன்னும் கொஞ்சம் கேட்கலாம் என்றுதான், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சும்மா நின்றேன்.

மாரியாயிதான் கெடுத்தாள். "சார் இங்க இருக்காருங்க!" என்று பின்னாலேயே ஓடி வந்தாள்.

அழுகை நின்றது. அவ்வளவு பேரும் என்னையும் என் கழுத்தில் தொங்கிய தப்பையும் பார்த்தார்கள். மூச்சு வாங்க வந்து சேர்ந்த பெரியதுரை, மலை வேலையை மேற்பார்வை செய்யும் கண்டாக்கையாவிடம், "யாரு செத்தது?" என்று கேட்டார். அவர் என்னைக் காட்டி, "இவருதாங்க தொர" என்றார். துரை பாதி நிரம்பிய கொழுந்துக் கூடைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மட்டையெல்லாம் பங்களாவுக்கு அனுப்பு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அட்டனுக்குக் கடிதம் எழுதப்படவில்லை.

மறுநாள் விடியற்காலை பெரட்டுக்குப் போனவர்கள் என் ஜன்னலைத் தட்டி, "தங்கவேலு சார், உசுரோட இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அதற்கு மறுநாளும் கேட்டார்கள். ஓய்வு பெறும்வரை நான் அந்தத் தோட்டத்தைவிட்டுப் போகவில்லை.

இரண்டு குழந்தைகளோடு அழுத பவளத்தைத்தான் கட்டிக்கொண்டேன். எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து, "யாரு?" என்பாள். "வாத்தியார்" என்பேன். "எந்த வாத்தியார்?" என்பாள். பெயரைச் சொன்னால்தான் தாழ்ப்பாள் திறக்கும். சண்டை வந்தால், "ஒங்களுக்கு ஒருதடவ அழுது முடிச்சாச்சு. இன்னொருதடவ அழ என்னால ஆகாது" என்பாள். சொன்னபடியே செய்துவிட்டாள். போன ஐப்பசியில் எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்தாள்.

இப்போது மகள் வீட்டில் இருக்கிறேன். கடைக்குப் போய்த் திரும்பினால் பேத்தி கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "எந்த வாத்தியார்?" என்று கேட்கிறாள். பெயரைச் சொன்னால் திறந்துவிடுவாள். சில நாட்களில் உடனே சொல்லாமல் நிற்கிறேன், இன்னொரு தடவை கேட்கட்டும் என்று.