மான் தலைச் சுவர்

பத்து மணிக்கு நகரசபை ஆய்வாளர் மடலின் வந்துவிடுவாள். ஒன்பதே கால் ஆகியும் சுவரில் அவள் ஒட்டிவிட்டுப் போன தகடு இருபதைத்தான் காட்டியது. ஹால்டர் போட்ட வரைபடக் கணக்கில் அது பத்தாக இருக்க வேண்டும்.

வீட்டுச் சூடு சுவர் வழியாக எவ்வளவு வெளியேறுகிறது என்று அளக்கும் தகடு அது. பத்து வந்தால் நகரசபை அவன் வரைபடப்படியே நாற்பது வீடு கட்டும். இருபது வந்தால் அவன் வேலைக்கு உலை. வெளியே மைனஸ் முப்பத்திரண்டு. ஹால்டருக்கு வியர்த்தது.

"அந்த பார்னி சுவருக்குள்ள சூட்டைத் தடுக்கிற பஞ்சை ஒழுங்கா வைக்கல," என்றான். "தச்சனை நம்பினேன் பாரு, என்னைச் சொல்லணும்."

"போன வாரம் வரைக்கும் தங்கமான மனுஷன்னு சொன்னியே," என்றாள் மனைவி தோரா, அடுப்பில் சூப்பைக் கிளறிக்கொண்டே.

ஹால்டர் ஹீட்டரைக் கூட்டினான். தகடு இருபத்து மூன்றுக்கு ஏறியது.

"உள்ள சூடு கூடினா வெளிய ஓடுறதும் கூடாதா? நீதான் படிச்சவன்."

மூலையில் பெட்டி பெட்டியாக, அவன் வேட்டையாடிப் பதப்படுத்தி வைத்த மான்களின் தலைகள். அவற்றைத் தகட்டைச் சுற்றி நெருக்கமாக மாட்டினால் சுவருக்குப் போர்வை போர்த்தியதுபோல் ஆகாதா?

ஏழு தலைகளையும் மாட்டினான். எங்கே அடித்தாலும் ஆணி கெட்டியாக நின்றது. அந்தப் பதற்றத்திலும் அது அவனுக்குத் திருப்தியாக இருந்தது.

தகடு அசையவில்லை. சூப்பின் ஆவிதான் தலைகளுக்குப் பின்னால் புகுந்து, சில்லிட்ட சுவரில் நீராகி, மான்களின் தாடையில் சொட்டத் தொடங்கியது.

"ஏழுக்கும் சளி பிடிச்சிருக்கு," என்றாள் தோரா. "சூப் குடுக்கட்டுமா?"

"சும்மா இரு தோரா. நான் செத்துக்கிட்டிருக்கேன்."

அழைப்பு மணி அடித்தது. மடலின் உள்ளே வந்தாள். வாசல் கதவின் இடுக்கை அடைக்க வந்த பார்னியும் பின்னாலேயே நுழைந்தார். மடலின் தகட்டைப் பார்த்தாள், ஹால்டரைப் பார்த்தாள்.

"மேடம், வரைபடத்துல ஒரு தப்பும் இல்ல," என்றான் ஹால்டர். "இந்த ஆள் பஞ்சு வைக்கல. நீங்களே கேளுங்க."

"வைச்சீங்களா?" என்றாள் மடலின்.

பார்னி தொப்பியைக் கழற்றி, மான் தலைகளைப் பெருமையோடு பார்த்தார்.

"வைச்சேன் மேடம். அப்புறம் இவருதான் வந்து, எங்க ஆணி அடிச்சாலும் மான் தலை நிக்கணும்னாரு. பஞ்சையெல்லாம் பிடுங்கிட்டு, சுவர் பூரா கட்டையா வச்சு அடைச்சேன்."