ஆயிரம் தடவையும் நின்றது, அக்கா!

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை அலுவலக நாற்காலியில் உட்கார்ந்தபடி, துள்ளாத குறையாக மெயிலில் எழுதிக்கொள்வது. நான் சுகம், என் முதுகுவலியும் சுகம். நீ, அத்தான், பாப்பா மூவரும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பாப்பா பிறந்து ஏழு மாதமாகியும் எட்டிப் பார்க்காத சித்தி என்று உனக்கு என்மேல் கோபம். மூன்று முறை லீவு கேட்டு மூன்று முறையும் பறிபோனது. இனி அந்தக் கதையே இல்லை. நாளைக் காலை ரயிலில் வருகிறேன்!

நடந்ததைச் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். எங்கள் கம்பெனி செய்வது டீபக்கர். ஓடுகிற புரோகிராமை நடுவில் நிறுத்தி, கோளாறு எங்கே என்று பார்க்க உதவும் கருவி. இன்ன வரியில் நில் என்று அதில் குறி வைப்போம், அதுதான் பிரேக்பாயிண்ட். சில புரோகிராம்களில் ஒரே நேரத்தில் நான்கு வேலைகள், நான்கு த்ரெட்களாக ஓடும். ஒன்று குறியைத் தொட்டால் நான்கும் அப்படியே நிற்க வேண்டும். போன வெர்ஷன்வரை நின்றன. புது வெர்ஷனில் மூன்று நிற்க, ஒன்று மட்டும் கூப்பிடக் கூப்பிடக் காதில் வாங்காமல் ஓடுகிறது. அதுவும் இருநூறு தடவைக்கு ஒருதடவைதான். நேற்று ஒழுங்காக இருந்தது இன்றும் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்ப்பதுதானே என் பிழைப்பு, கத்தினேன். அந்தப் புது வெர்ஷனை எழுதிய மகானுபாவர், "என் மெஷின்ல நல்லாத்தானே ஓடுது?" என்றார். மானேஜரை, நாங்கள் வைத்த பெயர் சிடுமூஞ்சி, கையைப் பிடிக்காத குறையாக இழுத்து வந்து காட்டினால், அன்றைக்குப் பார்த்து நான்கும் சமர்த்தாக நின்றன. "எங்கம்மா ஓடுது?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் ஓடியது! சரி, எங்கே தப்புகிறது என்று பார்ப்போமே என்று ஒவ்வொரு அடியிலும் திரையில் ஒரு வரி அச்சிடும்படி புரோகிராமில் சேர்த்தேன். அச்சிடுகிற நேரத்தில் எல்லாம் நிதானமாகி, கோளாறே காணோம். அந்த வரிகளை எடுத்தேன், வந்தது. வைத்தேன், போனது. எனக்கு அழுகையே வந்துவிட்டது, அக்கா.

கடைசியில் சிடுமூஞ்சி சொல்லிட்டார்: "உன் சோதனை தொடர்ந்து ஆயிரம் தடவை பாஸாகட்டும். வெர்ஷனும் வெளிய போகும், நீயும் ஊருக்குப் போகலாம்." மகானுபாவர் முனகிக்கொண்டே எதையோ திருத்திக் கொடுத்தார். இன்று காலை ஓடவிட்டேன். நானூறு ஆச்சு, எழுநூறு ஆச்சு, பக்கத்து மேஜைக்காரர்கள் டீயை வைத்துவிட்டு என் பின்னால் வந்து நின்றார்கள். ஆயிரம்! ஆயிரமும் பச்சை, அத்தனையும் பாஸ்! நான் போட்ட கூச்சலில் கீழேயிருந்து செக்யூரிட்டி ஓடி வந்தார். சிடுமூஞ்சி சிரித்து இன்றைக்குத்தான் பார்க்கிறேன். பல்லெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது.

பாப்பாவின் இரண்டு கன்னத்துக்கும் சித்தியின் முத்தங்கள். அத்தானுக்கு என் வணக்கம். ஸ்டேஷனுக்கு வரச் சொல். எல்லாரும் ஒரு குறையும் இல்லாம நல்லா இருங்க.

இப்படிக்கு,
உன் பிரியமுள்ள தங்கை

பின்குறிப்பு: அத்தானை ஸ்டேஷனுக்கு அனுப்பாதே. இதை அனுப்பும் முன் அந்தச் சோதனையை ஒருதடவை திறந்து பார்த்துத் தொலைத்தேன். முந்தாநாள் ஏதோ பார்க்கப் போய், த்ரெட் எண்ணிக்கையை நான்கிலிருந்து ஒன்றாக்கியிருக்கிறேன். திருப்பி மாற்றவே இல்லை. ஆயிரம் தடவையும் ஒற்றை ஆள்தான் ஓடி, ஒற்றை ஆள்தான் நின்றிருக்கிறது! யாருக்கும் தெரியாது. பாப்பா முகம் வந்து வந்து போனது. அப்புறம் எழுந்து போய்ச் சிடுமூஞ்சியிடம் சொல்லிவிட்டேன். நாலு என்று மாற்றி ஓட்டினோம். முப்பத்தேழாவது தடவை, அவர் கண்ணெதிரே, ஒன்று நிற்காமல் ஓடியே விட்டது அக்கா! "பாத்தீங்களா சார், பாத்தீங்களா, நான் சொன்னேன்ல!" என்று குதித்தேன். லீவு போச்சு என்பது குதித்து முடித்த பிறகுதான் உறைத்தது. பாப்பாவைத் தூக்கிக்கொண்டு நீயே இங்கே வந்துவிடேன்.