பூட்டு நானாவின் அச்சாற்று வழக்கு

திருகோணமலைத் துறைமுகத்துக்குள் ஒரு கப்பற்படையையே ஒளித்து வைக்கலாம் என்பார்கள். பூட்டு நானா தன் அச்சாற்றின் சேர்மானத்தை அதைவிட நன்றாக ஒளித்து வைத்திருந்தார்.

போன கிழமை என் மகளுக்குக் கொழும்பிலிருந்து ஒரு சட்டத்தரணியின் கடிதம் வந்தது. பழைய கம்பனியின் பழரசச் சேர்மானத்தைப் புதுக் கம்பனிக்குக் கொண்டுபோய்விட்டாளாம். "அம்மா, ஒரு தாள்கூட எடுத்துக்கொண்டு வரேல்லை. கை பழகினதை எங்க கழட்டி வச்சிட்டு வாறது?" என்கிறாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நானாவின் நினைப்பும் போகவில்லை.

அவர் கிண்ணியாக்காரர்; முஸ்லிம்கள் அண்ணனை அழைக்கிறபடி எல்லோருக்கும் நானா. நான் எழுதுவினைஞராக இருந்த சட்டத்தரணி அலுவலகத்துக்குப் பக்கத்தில் கடை. வெங்காயத்தையும் மிளகாயையும் கடுகில் ஊறவைத்த அச்சாறுதான் வியாபாரம். குசினிக் கதவுக்கு மூன்று பூட்டு. அதனால் அந்தப் பெயர். சந்தையில் எல்லோரும் பார்க்கச் சதகுப்பை, வேப்பம்பூ, கருஞ்சீரகம் என்று கூடை நிறைய வாங்குவார். அதில் ஒன்றும் அச்சாற்றுக்குள் போகாது. உளவு பார்த்த போட்டிக் கடைக்காரர் அத்தனையையும் போட்டு ஒரு பானை அச்சாறு செய்து விற்றார். வாங்கித் தின்றவர்களில் பாதிப்பேர் இன்றைக்கும் அவரோடு கதைப்பதில்லை.

அந்தக் குசினிக்குள் நுழைந்த ஒரே வெளியாள் பரீதா. ஏழு வருடம் வெங்காயம் உரித்தவள், கலியாணம் முடித்து மூதூருக்குப் போனாள். கொஞ்ச நாளில் மூதூரில் அச்சாறு விற்கிறாள் என்று கதை வந்தது. நானா எங்கள் அலுவலகத்துக்குள் புயல் போல வந்தார்.

"புள்ள, சேர் இருக்காரா? வழக்குப் போடணும்."

எங்கள் சட்டத்தரணி சேர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். "புலமைச் சொத்துச் சட்டத்தில இடமிருக்கு. ஆனால் இரகசியத்தைக் காப்பாற்ற நீங்கள் நியாயமான முயற்சி எடுத்திருக்க வேணும். என்ன செய்தனீங்கள்?"

நானா சாவிக்கொத்தை மேசையில் வைத்தார். "கடுகு வறுக்கக்குள்ள ரேடியோவக் கூட்டி வைப்பன் சேர். வெடிக்கிற சத்தத்த எண்ணியே அளவைக் கண்டுபிடிச்சிருவானுகள்."

சேர் குனிந்து எதையோ தேடுவதுபோலச் சிரித்து முடித்தார். "சரி, சேர்மானத்தைச் சொல்லுங்கோ, எழுதுவம்."

"ஆருக்கு?"

"நீதிமன்றத்துக்கு."

"நீதிபதி அச்சாறு தின்னமாட்டாரா?"

"உறையில போட்டு முத்திரை வச்சுக் குடுக்கலாம், நானா" என்றேன்.

"முத்திரைய உடைக்கிறது ஆரு, புள்ள?"

கடைசியில், முதலில் பரீதாவின் அச்சாற்றில் ஒரு போத்தல் வேண்டும் என்றார் சேர். நானா மூதூருக்குப் போனார். திரும்பி வந்தபோது புயல் இல்லை. என் மேசையில் போத்தலை வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தார்.

"அவட புருஷன் இடுப்பு முறிஞ்சு படுக்கையில கிடக்கான். சின்னஞ்சிறுசு ரெண்டு. அடுப்பு எரியிறது இந்தப் போத்தலாலதான்." போத்தலை என் பக்கம் தள்ளினார். "ஆனா புள்ள, இது என்ட அச்சாறு இல்ல. வழக்கு வேணாம்."

நான் விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். முதலில் கடுகின் கடி, பிறகு பேரீச்சம்பழத்தின் இனிப்பு, அதற்குப் பின்னால் பெயர் தெரியாத அந்த ஒன்று. நானாவின் அச்சாறேதான்.

அவர் என்னைப் பார்க்காமல் வீதியைப் பார்த்துக்கொண்டு கேட்டார். "எப்பிடி?"

"புளிப்புக் கொஞ்சம் கூட, நானா."

"ஓம். நானும் அதத்தான் சொல்றன்."

நானா மௌத்தாகி ஆறு வருடம். மகளுக்கு வந்த கடிதத்துக்கு நாளைக்குப் பதில் போக வேண்டும். இரண்டு கம்பனிக்காரரும் இரண்டு பழரசப் போத்தலோடு ருசி பார்க்க உட்காரப்போகிறார்களாம். பழைய கம்பனியின் பக்கத்துக் கதிரையில் நானாவைப் போலப் பொய் சொல்லத் தெரிந்த ஒரு ஆள் இருக்க வேண்டுமே என்று கும்பிட்டுக்கொண்டிருக்கிறேன். நீங்கள் இருந்திருந்தால், நானா, உங்கள் கையைப் பிடித்துக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போயிருப்பேன்.