முதலாளி உள்ளே, தொழிலாளி வெளியே

தனுஷ்கோடி சாரை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவர் செல்லக்கனிக்காகச் செல்லக்கனியைத் திட்டிக்கொண்டிருந்தார்.

செல்லக்கனி எங்கள் தெருப்பெண். ஜெர்மனியில் குடியிருக்கிறாள். எந்தக் கம்பெனியிலும் சம்பளத்துக்கு இல்லை. துபாயிலும் சிங்கப்பூரிலும் நடக்கிற வாணவேடிக்கைகளுக்கு, எந்த வெடி எந்த நொடியில் வெடிக்க வேண்டும் என்று கம்ப்யூட்டரில் திட்டம் போட்டுக் கொடுப்பது அவள் தொழில். தலைப்பிரசவத்துக்குச் சிவகாசி வந்தாள். ‘இந்தியாவில் இவருக்குக் காப்பீடு ஏதும் இல்லை’ என்று இங்கே ஒரு சான்றிதழ் வாங்கிப் பிரசவத்துக்குள் அனுப்பினால், அங்கே பேறுகால உதவித்தொகை கிடைக்கும். அவளுக்கு எட்டு மாதம் ஆகியிருந்தது. தொழிலாளர் காப்பீட்டு அலுவலகத்துக்குத் துணைக்கு நான் போனேன். அலுவலர் தனுஷ்கோடி சார் நல்ல மனிதர்.

“இல்லைன்னு எழுதணும்னா உங்க முதலாளி கடிதம் வேணுமேம்மா.”

“முதலாளி நான்தான் சார்.”

“அப்ப தொழிலாளி?”

“அதுவும் நான்தான்.”

சார் பேனாவை மூடினார். “ரெண்டு பேரையும் ஒண்ணா வச்சு விசாரிக்க விதி இல்லை. முதலாளி முன்னால தொழிலாளி வாய் திறக்காது. தொழிலாளி வெளிய இருக்கட்டும்.”

செல்லக்கனி வெளியே போனாள். முதலாளியைக் கூப்பிட்டார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

“தொழிலாளிக்குப் பேறுகால விடுப்பு குடுத்திருக்கீகளா?”

“எங்க சார்? நேத்துகூட ஒரு ஆர்டர் முடிச்சேன்.”

“புள்ளத்தாச்சிகிட்ட வேலை வாங்கியிருக்கீக! மனசாட்சி இருக்கா? வெளிய எம்புட்டு நேரமா உக்காந்திருக்கு, பாவம்!”

நானும் எட்டிப் பார்த்தேன். நாற்காலி காலியாக இருந்தது.

“கோவிச்சுக்கிட்டுப் போயிருச்சு போல” என்றார் சார், கண் கலங்கி.

முதலாளிக்கு நோட்டீஸ் போனது. வாரம் ஒரு வாய்தா. முதல் வாய்தாவுக்குத் தொழிலாளி வரவில்லை என்று பதிவானது. இரண்டாவதுக்கு முதலாளி வரவில்லை. மூன்றாவதில் இருவரும் ஒரே ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். அதைச் சார் ரசிக்கவில்லை.

“மிரட்டிக் கூட்டியாந்திருக்கீக” என்றார்.

வரிசையில் நின்ற பாண்டிச்செல்விக்குப் பொறுக்கவில்லை. பட்டாசு ஆலையில் திரி செருகுகிறவள். “சார், எங்களுக்கும் ஒரு காப்பீடும் இல்லை. இல்லைன்னு எழுதித் தாங்க. எங்க ஆலையில நூத்திப் பதினாலு பேரும் வாங்கிக்கிறோம்.”

சார் அவள் ஆலையின் பதிவேட்டைத் திறந்தார். “உங்களுக்கு எல்லாம் இருக்கேம்மா. நீங்க எல்லாரும் கைநாட்டு வச்சிருக்கீக.”

“நாங்க வைக்கலையே சார்!”

“வச்சிருக்கு” என்று பதிவேட்டைத் தட்டிவிட்டு, செல்லக்கனி பக்கம் திரும்பினார். “பாத்தீகளா? அந்த முதலாளி நூத்திப் பதினாலு பேரைப் பாத்துக்கிறாரு. உங்களால ஒரு ஆளப் பாத்துக்க முடியலை!”

முதலாளிக்கு அங்கேயே வலி கண்டது.

பெண் குழந்தை. உதவித்தொகைக்குக் கெடு முடிந்துவிட்டது. மறு மாதம் சார் மாரடைப்பில் போய்விட்டார்.

ஆலையின் பதிவேடு இன்னும் அந்த அலுவலக அலமாரியில் இருக்கிறது. அந்த ஆலையில் கணக்கு எழுதியவன் நான். நூற்றுப் பதினான்கு கைநாட்டும் என் இடது பெருவிரல்.